கண்ணாடிச் சட்டமும் ஏழு கல் தோடும்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, அபிராமபுரத்தில் விஜயராகவன் தன் காரின் முகப்பில் குரோம் பூசிய கிரில்லைப் பொருத்திக் கடைசித் திருகை இறுக்கிய அதே நிமிடம், அவர் வீட்டு அடுக்களையில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் அத்தனையும் மங்கிப்போயின. மொத்தம் நூற்றுப் பதினோரு உருப்படிகள். டம்ளர், டவரா, இட்லித் தட்டு, யார் கல்யாணத்திலோ கொடுத்துப் பிரிக்கப்படாமல் பரணில் கிடந்த டிபன் செட் உட்பட. அன்று கத்திரிக்காய் கிலோ முப்பத்திரண்டு ரூபாய்; வெயில் நூற்று மூன்று டிகிரி; தெருவில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. அந்தத் தெருவில் எல்லாரும் படித்தவர்கள் என்பதால், கண்ணெதிரே நடந்தாலும் எதையும் லேசில் நம்ப மாட்டார்கள். போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்றது ஒரு கட்சி. அம்மாசி சரியாகத் தேய்ப்பதில்லை என்றது இன்னொரு கட்சி. அம்மாசி அந்த வீட்டில் பன்னிரண்டு வருடமாகப் பாத்திரம் தேய்க்கிற பெண்மணி. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்தே வந்துபோவார். பழி தன் மேல் விழுந்த மறுநாள், ஒரு டம்ளரைக் கையில் பிடித்தபடி போர்ட்டிகோவுக்கு வந்து, கிரில்லையும் டம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மாமா, இதுல இருந்த பளபளப்பு அந்தாண்ட போய்க் குந்திகினு கீது," என்றார். விஜயராகவன் சிரித்தார். அவருக்கு அப்போது சிரிக்க நேரமிருந்தது.

காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனிப் பெயரைச் சொன்னால் அந்தக் கார் வைத்திருக்கிற இன்னும் நாலு பேர் படியேறி வந்து திருத்தம் சொல்வார்கள், ஆகவே சொல்வதற்கில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, அடையாறில் ஒரு மாமரத்தடியில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதை விஜயராகவன் வாங்கினார். என்ஜின் ஓடாது. அன்றும் ஓடவில்லை, இன்றும் ஓடவில்லை. வெளி அலங்காரம் முதலில் முடியட்டும், உள்ளே இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய திட்டம். தன் சொந்த உடம்பு விஷயத்திலும் அவர் அப்படித்தான். சர்க்கரைக்கு மாத்திரை போட மாட்டார், மீசைக்கு மை போடுவார்.

அந்தக் காரைச் செய்தவர்கள் சில பாகங்களுக்குக் குரோம் பூசினார்கள், சிலவற்றை வேண்டுமென்றே மங்கலாக விட்டார்கள். ஓட்டுகிறவன் கண்ணில் வெயில் பட்டுத் தெறிக்கக் கூடாது என்பது அவர்கள் யோசனை. இது விஜயராகவனுக்குத் தெரியாது. மாம்பலத்தில் பிறந்து அபிராமபுரத்தில் குடியேறிய அவருடைய குடும்பத்தில், உலோகம் என்று ஒன்று இருந்தால் அது வெள்ளிக்கிழமைக்குள் பளபளத்தாக வேண்டும். மங்கல் என்றால் வீட்டுக்காரிக்குச் சோம்பல் என்று அர்த்தம். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் முலாம் பட்டறை வைத்திருக்கும் காதரிடம் கழற்றிய பாகங்களை எல்லாம் ஒரு கோணியில் கட்டிக்கொண்டு போய்ப் போட்டு, "எல்லாத்தையும் குத்துவிளக்கு மாதிரி பண்ணிடுங்கோ," என்றார். காதர் கிரில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது ஒர்ஜினல்லயே ஷைனிங் இல்லாத ஐட்டம் மாதிரி கீது. பூசிடலாமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்த வரலாறே இல்லை. "நம்மாத்துக்கு வந்துட்டா எல்லாம் பளபளன்னுதான் இருக்கணும்," என்றார் விஜயராகவன், பெருமையாக.

அடுத்த வருடம் நான்கு சக்கரங்களும் குரோம் பூசி வந்தன. பெருமாள் அலமாரியில் இருந்த வெள்ளிக் குத்துவிளக்கு ஈயம் போலாயிற்று. வைப்பர் கைகள் இரண்டும் வந்த வாரம், அவருடைய கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியின் கம்பியும் போயின. அந்த வருடம்தான் பெருவெள்ளம் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது விஜயராகவன் முதலில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது கிரில்லை, இரண்டாவதாகச் சக்கரங்களை, மூன்றாவதாகத்தான் மனைவி நீரஜாவின் தம்புரா நினைவுக்கு வந்தது. நீரஜா பாட்டு டீச்சர். அந்த வரிசையை அவர் மறக்கவில்லை. அம்மாசியின் வீடு ஆற்றோடு போயிற்று. பிறகு அவரைப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடிக்குக் குடியேற்றினார்கள். அதன்பின் இரண்டு பஸ் மாறி வந்து தேய்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் போர்ட்டிகோவைக் கடக்கும்போது, "இன்னிக்கு இன்னா மாட்டினே மாமா? சொல்லிடு, வூட்ல எது அவிஞ்சுச்சுன்னு தேடற வேலை மிச்சம்," என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். விஜயராகவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்யாமல் இருக்கும் பயிற்சி இன்சூரன்ஸ் ஆபீசில் அவருக்குக் கிடைத்திருந்தது.

இரண்டாயிரத்துப் பதினேழு தை மாதம் முன்கண்ணாடியைச் சுற்றி வரும் சட்டம் காதர் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. நீளமாக, வளைவாக, கைபடாத புதுக் குரோமில் இருந்த அதைப் பொருத்திவிட்டு விஜயராகவன் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தபோது, அதில் அவர் தெரியவில்லை. இருபத்தெட்டு வயதில் இருந்த விஜயராகவன் தெரிந்தார். வகிடு எடுத்து வாரிய அடர்த்தியான முடி, ஒட்டிய வயிறு, ஒரே ஒரு தாடை. அவர் தலையைத் திருப்பினால் அவனும் திருப்பினான்; பல் தெரியச் சிரித்தால் அவனுக்குக் கடைவாயில் தங்கப் பல் இல்லை. விஜயராகவன் அன்று மத்தியானம் சாப்பிட உள்ளே போகவில்லை. வீட்டுக்குள் அதே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. ஒன்று, நீரஜா காதில் போட்டிருந்த ஏழு கல் வைரத்தோடு, அவர் அம்மா போட்டு, கல்யாணத்தன்று இவர் காதுக்கு வந்தது, இரண்டு காதிலும் சேர்த்துப் பதினான்கு கல்லும் அணைந்துபோனது. இன்னொன்று, விஜயராகவனின் வழுக்கைத் தலை தன் மினுமினுப்பை இழந்து, சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆனது. இரண்டாவதை அவர் லாபமாகவே எடுத்துக்கொண்டார். "பவுடர் போடறேளா?" என்று தெருவில் கேட்டவர்களிடம் ஆமாம் என்றார்.

தோட்டை நீரஜா பனகல் பார்க் பக்கம் சேட்டுவிடம் எடுத்துப் போனார். நாற்பது வருடம் வைரம் பார்க்கிற சேட்டு, லென்ஸை வைத்து முக்கால் மணி நேரம் பார்த்தார். கல் வைரம்தான், எடை சரி, வெட்டு சரி. ஆனால் உள்ளே போகிற வெளிச்சம் திரும்பி வரவில்லை என்றார். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? நீரஜாவின் தம்பி ராமானுஜம் ஆடிட்டர். அக்கா புருஷன் கார் பைத்தியம், கார் சாமான் ஒவ்வொன்றும் குதிரை விலை, அக்கா தோடு கண்ணாடிக் கல் மாதிரி இருக்கிறது என்று மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, வைரத்தை விற்றுக் கல்லை மாற்றிவிட்டார் என்று விடை எழுதினார். சேட்டு அத்திம்பேருக்கு நண்பன், பொய் சொல்லுகிறான் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார். நீரஜா அதை நம்பவில்லை. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் பாட்டு கிளாஸ் முடிந்து பெண்கள் போன பிறகு, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த கணவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏன்னா, நீங்க மாத்தினேளா?"

"இல்லை," என்றார் விஜயராகவன். அது உண்மை. அதற்கு மேல் இருந்த உண்மையை அவர் சொல்லவில்லை. சொன்னால் நீரஜா, சட்டத்தைக் கழற்றுங்கோ என்பார். கழற்றினால் அந்த இருபத்தெட்டு வயதுக்காரன் போய்விடுவான். தினமும் காலை ஆறரை மணிக்கு, காரைத் துடைக்கிற சாக்கில் அவனைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு காபி இறங்கும். இதை எந்த வாயால் மனைவியிடம் சொல்வது? வெட்கமாக இருந்தது. வெட்கம் முகத்தில் தெரிந்தது. தெரிந்ததை நீரஜா வேறு விதமாகப் படித்துக்கொண்டார். தோட்டைக் கழற்றி டப்பாவில் வைத்தார். அன்றிலிருந்து அவரை 'ஏன்னா' என்று கூப்பிடுவதை நிறுத்தினார்.

பேச்சு நின்றது என்று சொல்ல முடியாது. அம்மாசி வழியாகப் போயிற்று. மூன்றடி தூரத்தில் விஜயராகவன் உட்கார்ந்திருக்க, "அம்மாசி, காபி ஆறிண்டிருக்குன்னு மாமாட்ட சொல்லு," என்பார் நீரஜா. அம்மாசி திரும்பி, "காபி ஆறுதாம்," என்பார். "சர்க்கரை கம்மியா இருக்குன்னு சொல்லு," என்பார் இவர். "இத்த நானே சொல்லிருப்பேன், டாக்டரு சொன்னாரேன்னு வுட்டேன்," என்பார் அம்மாசி. ஆறு வருடம் இப்படியே ஓடியது. நடுவில் ஊரடங்கு வந்து பஸ் நின்றபோதுதான் சங்கடமாகிவிட்டது. நீரஜா அடுக்களையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு போன் போட்டு, குழம்பு தயார் என்று சொல்வார். அம்மாசி எட்டாவது மாடியிலிருந்து கூடத்தில் இருந்த விஜயராகவனுக்குப் போன் போட்டுச் சாப்பிடக் கூப்பிடுவார். நான்கு மாதம் ஒரு வேளை தவறவில்லை. தன்னை யாரும் 'ஏன்னா' என்று கூப்பிடாத வீட்டில், தன் பெயர் என்னவென்பதே சமயத்தில் மறந்துபோவதை விஜயராகவன் கவனித்தார். காலை ஆறரை மணிக்குச் சட்டத்தில் தெரிந்தவன் மட்டும் சந்தோஷமாக இருந்தான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று பிப்ரவரியில் பழைய கார் சங்கத்தார் அடையாறில் ஒரு மைதானத்தில் கண்காட்சி வைத்தார்கள். விஜயராகவன் காரை டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினார். பார்த்தவர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டார்கள். நடுவராக வந்தவள் சிம்ரா என்ற முப்பது வயதுப் பெண். பெங்களூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கிற தொழில், கையில் டார்ச், வெள்ளைத் துணிக் கையுறை. காரை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். "அங்கிள், ஒரிஜினல் எங்க?" என்று கேட்டாள். இதுதானம்மா என்றார் இவர். "இது கல்யாண மண்டப வாசல், அங்கிள்," என்று சொல்லி, நூற்றுக்கு நாற்பத்தொரு மார்க் கழித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'அளவுக்கு மீறிய பளபளப்பு' என்று எழுதினாள். ஆனால் நல்ல பெண். கிழவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, தொழிற்சாலையில் எந்தப் பாகத்துக்கு என்ன பூச்சு கொடுத்தார்கள் என்ற நாலு பக்கப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

விஜயராகவன் அதை சகஸ்ரநாமம் சொல்லுகிற நேரத்தில் தினமும் படித்தார். பம்பர், ஹெட்லைட் வளையம், கதவுக் கைப்பிடி, இவை மட்டும் குரோம். கிரில் மங்கிய அலுமினியம். சக்கரம் வெள்ளிப் பெயின்ட். வைப்பர் கை சாம்பல் நிறம். முன்கண்ணாடிச் சட்டம் நேர்கோடாகத் தேய்த்த மங்கல். உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, விளக்குமாற்றோடு நின்ற அம்மாசி கணக்கை முடித்துக் கொடுத்தார். "அப்போ கம்பெனிக்காரன் குடுத்தது போக, மிச்ச பளபளப்பு எல்லாம் இந்த வூட்டுது. காருக்கு இன்னா உரிமை கீது?" விஜயராகவன் பட்டியலை மடித்து வைத்துவிட்டு ஸ்பானரைத் தேடி எடுத்தார்.

கிரில்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி ராயப்பேட்டைக்குப் போனார். காதர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஷைனிங் ஏத்தறதுக்குத்தான் சார் நம்மகிட்ட ரேட்டு கீது. ஏத்தினத்த எறக்கறதுக்கு இன்னா கேக்கறது?" கடைசியில் ஒரு டீக்கு ஒப்புக்கொண்டு, தொட்டியில் முக்கிக் குரோமை உரித்தார். உள்ளே இருந்த அலுமினியம் திட்டுத் திட்டாக இருந்தது. அதை நேர்கோடாகத் தேய்க்க வேண்டும். காதரின் மெஷின் வட்டம் வட்டமாகக் கீறியது. விஜயராகவன் ஜெர்மனியிலிருந்து தேய்ப்புத் துணி வரவழைத்தார். அது ஒரு பக்கம் தேய்த்தால் மறு பக்கம் பள்ளம் பறித்தது. 'அசல் பூச்சு' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கி யோசனை கேட்டார். உறுப்பினர் நான்கு பேர், அதில் இரண்டு எண் அவருடையது. பதினோராம் நாள் அம்மாசிக்குப் பொறுக்கவில்லை. பாத்திரத் தொட்டியிலிருந்து பச்சை ஸ்க்ரப்பரைக் கொண்டுவந்து, கிரில்லின் ஒரு பட்டையை மேலிருந்து கீழாக, கையைத் திருப்பாமல், நாலு இழுப்பு இழுத்தார். சிம்ரா கொடுத்த படத்தில் இருந்த அதே மங்கல் வந்தது. "புது ஸ்க்ரப்பர் கீறும் மாமா. ஒரு மாசம் பாத்திரம் தேச்சதா இருக்கணும். ஒனக்கு ஜெர்மனி வேணுமா?" என்றார்.

கிரில் முழுக்கத் தேய்த்து முடித்த நிமிடம், அடுக்களையில் நூற்றுப் பதினோரு பாத்திரமும் பளிச்சென்று எரிந்தன. நீரஜாவின் கையில் இருந்த டம்ளரில் நீரஜா தெரிந்தார். சக்கரங்களின் குரோமை உரித்து வெள்ளிப் பெயின்ட் அடித்த அன்று பெருமாள் விளக்கு வந்தது. வைப்பர் கை சாம்பல் நிறமானதும் கடிகாரமும் மூக்குக்கண்ணாடிக் கம்பியும் வந்தன. பாத்திரம் பளபளப்பதற்குத் தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மெட்ரோ தண்ணீர் வந்துவிட்டது என்று முடித்துக்கொண்டார்கள். சட்டம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு விஜயராகவன் ஒரு காரணம் மாற்றி ஒரு காரணம் சொன்னார். காதருக்கு முட்டிவலி என்றார். மழைக்காலம் என்றார். பட்டியலில் அந்த வரி ஜெராக்ஸில் சரியாக விழவில்லை என்றார். அதுதான் நாலு பக்கத்திலும் தெளிவாக விழுந்திருந்த வரி. "தலையில முடி பாத்துகினு கீறே, எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மாசி. விஜயராகவன் துணியைக் கீழே போட்டுவிட்டு, எடுக்கிற மாதிரி காருக்கு அடியில் போய்விட்டார்.

மறு வருடம் ஆவணியில் விஜயராகவனுக்கு அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணத்துக்கு மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் சொல்லி, பத்திரிகையும் அடித்தாயிற்று. ஒரு வாரம் இருக்கும்போது, நீரஜா அம்மாசியைக் கூப்பிட்டார். "தோடு போட்டுக்காம நான் மணையில உக்கார முடியாது. அணைஞ்ச தோட்டைப் போட்டுண்டும் உக்கார மாட்டேன். ராமானுஜம் முன்னாடி என்னால தலை நிமிர்த்த முடியாது. மண்டபத்தை வேண்டாம்னு சொல்லிடச் சொல்லு." அம்மாசி போர்ட்டிகோ வரை நடந்து வந்தார், ஆனால் சொல்லவில்லை. "நீயே கேட்டிருப்பே," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

விஜயராகவனுக்குக் கேட்டிருந்தது. காலை வெயிலில் சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் இருபத்தெட்டு வயதுக்காரன் வழக்கம்போல ஜம்மென்று இருந்தான். அப்போது நீரஜா துளசி பறிக்க வெளியே வந்து, அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றார். வளையல் சத்தம் கேட்டது. விஜயராகவன் சட்டத்தில் பார்த்தார். அவன் இருந்தான், அவனுக்குப் பின்னால் போர்ட்டிகோ இருந்தது, துளசிச் செடி இருந்தது, செடிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எப்படி இருப்பார்? விஜயராகவனுக்குக் கல்யாணம் ஆனது இருபத்தொன்பது வயதில். ஏழு வருடமாக இதைத்தான் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம், நீரஜா இல்லாத ஒருத்தனை, என்று அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். நீரஜா இருந்தார். உயிர் வந்தது.

"தோட்டோட வெளிச்சம் இந்தச் சட்டத்துலதான் இருக்கு," என்றார், நேராக அவரிடமே. "எனக்குத் தெரியும். ஏழு வருஷமாத் தெரியும். இதுல பார்த்தா எனக்கு முடி இருக்கு. அதான் சொல்லலை."

நீரஜா துளசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கோபத்தில் முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது, பிறகு இரண்டையும் மீறி வேறு ஏதோ வந்தது. "முடிக்காகவா?" என்றார். ஏழு வருடத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "அந்த முடி என்ன அவ்ளோ பிரமாதமா? கல்யாணத்தன்னிக்கே பின்னால சொட்டை. ஊஞ்சல் பாட்டுப் பாடறச்சே எங்க சித்தி காமிச்சுச் சிரிச்சா." அம்மாசி வாசலில் உட்கார்ந்தபடியே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

அன்றே சட்டம் ராயப்பேட்டைக்குப் போய், குரோம் உரிந்து, மாலைக்குள் திரும்பியது. காதர் இந்தத் தடவை டீகூட வேண்டாம் என்றார். மறுநாள் காலை அம்மாசி ஒரு மாதம் தேய்ந்த ஸ்க்ரப்பரை விஜயராகவன் கையில் வைத்து, "இத்த நீதான் தேய்க்கணும்," என்றுவிட்டார். மூன்று நாள் காலையில் குனிந்து உட்கார்ந்து தேய்த்தார். இடுப்பு போயிற்று. கையைத் திருப்பினால் அம்மாசி அதட்டினார். குனிந்த தலையிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகச் சட்டத்தின் மேல் விழுந்தது. அதையும் சேர்த்துத்தான் தேய்த்தார். மூன்றாம் நாள் பத்தேகால் மணிக்கு, கடைசி அங்குலம் மங்கியபோது, உள்ளே அலமாரியில் தோட்டு டப்பாவின் இடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்தது. விஜயராகவன் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தார். போர்ட்டிகோ கூரையில் ஏழு நிறத்திலும் புள்ளிகள் ஓடின. ஒரே நாளில் ஒரே சட்டத்துக்குள் போன இரண்டு பளபளப்பும் திரும்பி வரும்போது கொஞ்சம் கலந்துவிட்டிருந்தன. பதின்மூன்று கல்லும் முழுசாக வந்தன. இடது தோட்டின் ஏழாவது கல்லுக்குரியது மட்டும் வழி தவறி விஜயராகவன் உச்சந்தலையில் வந்து இறங்கிவிட்டது.

அறுபதாம் கல்யாணத்தில் அது எல்லார் கண்ணுக்கும் பட்டது. மணையில் விஜயராகவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது நீரஜாவின் பதினான்கு கல்லும் எரிந்தன. கைகழுவ அவர் எழுந்து போனால் இடது காதில் ஒன்று அணைந்தது. திரும்பி வந்தால் பற்றிக்கொண்டது. கலசத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றியபோது மண்டபத்து விதானம் முழுக்க நிறம் தெறித்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அழைப்பின் பேரில் வந்திருந்த சேட்டு முதலில் தோட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைக் குனியச் சொல்லித் தலையைப் பார்த்தார். "வைரம்தான்," என்றார், இரண்டுக்கும் சேர்த்து. ராமானுஜம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அத்திம்பேர் இலையில் இன்னொரு ஜாங்கிரி போடச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் மன்னிப்பு அப்படித்தான் பரிமாறப்படும். சர்க்கரையைப் பார்க்காமல் விஜயராகவன் அதைச் சாப்பிட்டார்.

இந்த வருடம் பிப்ரவரியில் கார் கண்காட்சி வந்த ஞாயிற்றுக்கிழமையன்றுதான் நீரஜாவின் மாணவி மாளவிகாவுக்கு மயிலாப்பூரில் கச்சேரி. குருவாக முதல் வரிசையில் உட்கார வேண்டும்; உட்காருவதென்றால் தோடு; தோடு என்றால் விஜயராகவன். ஆகவே காரை காதரும் அம்மாசியும்தான் டெம்போவில் கொண்டுபோனார்கள். சிம்ரா டார்ச் அடித்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தாள். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவிப் பார்த்து, இது எந்த மெஷின் என்று கேட்டாள். "பாத்திர மெஷினு," என்றார் அம்மாசி. என்ஜின் ஓடாததற்கு இரண்டு மார்க் கழித்து, தொண்ணூற்றெட்டு போட்டாள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடி அம்மாசி கோப்பையை வாங்கும் படம் ஆங்கிலப் பேப்பரில் வந்தது; 'அசல் பூச்சு' குழுவிலும் வந்தது, இரண்டு எண்ணுக்கும். கோப்பை பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறது. அதன் பளபளப்பு அதனுடையதுதானா என்று அம்மாசி ஒரு வாரம் வீட்டுப் பாத்திரங்களைச் சரிபார்த்துவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகே டிவி மேல் வைத்தார்.

தெருவில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. நீரஜா மாமி தோடு போட்டுக்கொண்டால் மாமா கூடவே வருவார், இடது பக்கம் நிற்பார், கல்யாண வீட்டு போட்டோகிராபர் தள்ளி நிற்கச் சொன்னால் மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பத்து வருடம் காரின் வெளி அலங்காரத்தோடு மல்லுக்கட்டியவர் கடைசியில் தானே ஒரு வெளி அலங்காரமாகிவிட்டார் என்று முதலில் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான். கார் போர்ட்டிகோவில் மங்கலாக, மரியாதையாக நிற்கிறது. அதன் சட்டத்தில் இப்போது யார் முகமும் தெரிவதில்லை. சாயங்காலம் வெளியே போகிற நாட்களில் உள்ளேயிருந்து நீரஜா குரல் கொடுப்பார். "ஏன்னா, தோடு போட்டுண்டாச்சு, வாங்கோ." விஜயராகவன் தலையைத் துண்டால் ஒரு தடவை துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.